நுரைச் சங்கத்தின் தீர்ப்பு

பட்டறை விற்றுப்போன செய்தி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியானது. பதினொன்று ஐந்துக்கெல்லாம் ஒப்பாரி தொடங்கிவிட்டது.

தங்கச்சி அப்போது மூன்றாம் நம்பர் தொட்டியின் அடிக் கதவைத் திறந்துவைத்து, உள்ளே படிந்திருந்த ஈஸ்ட் சேற்றை நீளமான ரப்பர் மட்டையால் வழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. பீர் காய்ச்சுகிற அண்ணனை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றார்கள். அவள் மாஸ்டரின் தங்கச்சி. ஆகவே பல் டாக்டருக்கும் தங்கச்சி, பூகோள டீச்சருக்கும் தங்கச்சி, அவளைவிட ஐந்து வயது சின்னவர்களுக்கும் தங்கச்சி.

பட்டறை என்பது பெரிய இடமெல்லாம் இல்லை. முன்பக்கம் ஆறு குழாய் வைத்த ஒரு மேடை, பதினான்கு நாற்காலி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயரத்தில் நான்கு எஃகுத் தொட்டிகள். முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதாவது மால்ட், மூட்டைகளாக அடுக்கிய பரண். இதை வாங்கிக்கொண்டது மஞ்சள் டப்பா பீர் போடுகிற பெரிய கம்பெனி. பெட்டிக்கடை முதல் விளையாட்டு மைதானம் வரைக்கும் எங்கும் கிடைக்கிற, எங்கு குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கிற அந்த மஞ்சள் டப்பா.

அலமாரியில் வைத்திருந்த கைபேசி நிற்காமல் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். நுரைச் சங்கம். பட்டறையின் வாடிக்கைக்காரர்கள் கைபேசியில் நடத்துகிற, நாற்பத்து மூன்று உறுப்பினர்கள் உள்ள குழு அது. இந்த வாரம் எந்தக் குழாயில் என்ன பீர் என்று தெரிவிப்பதற்காக ஒரு வருஷம் முன்பு யாரோ அவளையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவள் அங்கே இருப்பது பிறகு எல்லாருக்கும் மறந்துபோனது. அதனால் அவர்கள் பேசிக்கொள்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கிற பாக்கியம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

“என் வீட்ல யாராவது செத்திருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது” என்று எழுதியிருந்தார் பல் டாக்டர். அவருடைய அம்மா அவரோடுதான் இருந்தார், நல்ல ஆரோக்கியமாக. டீச்சர் எதுவும் எழுதாமல் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இருபத்தொன்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு மூக்கு வந்தான்.

மூக்கு என்பது பட்டப்பெயர். அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. வேலை, மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது. பீரை முகர்ந்தே அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்பது சங்கத்தின் நம்பிக்கை. இணையத்தில் அவனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பீருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவான். அன்றைக்கு அவன் எழுதியது ஆறு பத்தி. தலைப்பு, ‘ஓர் ஆன்மாவின் ஏலம்’. மாஸ்டர் தன்னை விற்கவில்லை, நம்மை விற்றுவிட்டார் என்று முடிந்திருந்தது.

தங்கச்சி அதை இரண்டு தடவை படித்தாள். இவர்களை விற்பதென்றால் யார் வாங்குவார்கள் என்று யோசித்தாள். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பருக்குத் திரும்பினாள்.

இனி இந்தப் படியை மிதிக்கமாட்டோம் என்று மத்தியானம் ஒருமனதாக முடிவெடுத்தவர்கள், அந்த முடிவை நேரில் சொல்லிவிட்டுப் போவதற்காகச் சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பதினாறு பேர். இரண்டு பேருக்கு நாற்காலி இல்லை. வந்த கையோடு போகவும் மனசில்லாமல் ஆளுக்கொரு டம்ளர் கேட்டார்கள். அண்ணன் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் தங்கச்சிதான் ஊற்றிக் கொடுத்தாள்.

மூக்கு தன் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான். பதினைந்து பேரும் தங்கள் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

“மாறிடுச்சு” என்றான்.

“எது?” என்றாள் தங்கச்சி.

“எல்லாம். ஒரு ஃபாக்டரி வாடை வருது. தட்டையா, செத்துப்போன மாதிரி.”

“சார், இது இருபத்திரெண்டு நாள் முன்னாடி காய்ச்சினது. கையெழுத்து நேத்துதான் போட்டாங்க.”

மூக்கு கண்ணைத் திறந்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “தங்கச்சி, நீங்க இதை ஒரு சரக்கா பாக்கறீங்க. தப்பில்ல, உங்க வேலை அப்படி. ஆனா காய்ச்சறவர் மனசுல ஒரு முடிவு விழுந்துட்டா, அது தண்ணியிலேயே இறங்கிடும்.”

“தண்ணி குழாய்ல வருது சார்.”

“ஆமாப்பா” என்றார் பல் டாக்டர், நாக்கை மேலண்ணத்தில் தட்டிக்கொண்டே. “ஒரு தகரச் சுவை இருக்கு. நானும் அப்பவே நினைச்சேன்.” அப்பவே நினைத்தவர் அதற்குள் முக்கால் டம்ளரை முடித்திருந்தார். அடுத்தடுத்து எல்லார் நாக்கிலும் தகரம் ஏறியது. டீச்சருக்கு மட்டும் அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அவர் எப்போதும் கொஞ்சம் வித்தியாசமாக யோசிப்பவர். துக்கத்தோடு இரண்டாவது டம்ளரும் துக்கத்தோடு மூன்றாவதும் குடித்துவிட்டு எட்டரைக்குக் கலைந்தார்கள்.

மேடையைத் துடைக்கும்போது தங்கச்சிக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஏனென்றால் அந்த டம்ளர்களில் இருந்தது அவள் காய்ச்சிய பீர்.

நடந்தது இதுதான். ஒன்றரை வருஷம் முன்பு அண்ணனுக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாலு நாளில் திரும்பும், மாசத்தில் திரும்பும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். திரும்பவில்லை. “சாப்பாட்டுல உப்பும் காரமும் மட்டும்தான் தெரியுதாம். நான் எதைச் செஞ்சு போட்டாலும் ஒண்ணுதான்” என்று அண்ணி ஒருநாள் கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்துவிட்டு அழுதாள். அதற்கு மறுவாரம், புளித்துக் காடியாகிப்போன ஒரு பீப்பாயை அண்ணன் நல்லது என்று சொல்லிக் குழாயில் ஏற்றிவிட்டான். தற்செயலாகப் பார்க்க வந்த தங்கச்சி அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் இறக்கினாள்.

அவள் அப்போது பால் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தாள். பன்னிரண்டு வருஷம். ஒரு டாங்கர் பாலில் எந்த மாடு என்ன தின்றது என்பதுவரைக்கும் முகர்ந்து சொல்லக்கூடியவள். அன்று சாயந்தரம் அண்ணன் அவளைப் பரணுக்குக் கூட்டிக்கொண்டு போய், மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பாப்பா, வெளிய தெரிஞ்சா நான் முடிஞ்சேன். கொஞ்ச நாள் கூட இரு.”

இருந்தாள். பால் வேலையை விட்டாள். ஆறு மாசத்தில் மால்ட்டும் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் அவளுக்குப் பழகிவிட்டன. ஒரு வருஷத்தில் பழைய செய்முறைகளை மாற்றினாள், சிலதைத் தூக்கிப்போட்டாள். ‘கரிச்சான்’ என்ற கறுப்பு பீரை முழுக்க முழுக்க அவளே யோசித்து, ஏழு தடவை கெடுத்து, எட்டாவது தடவை கொண்டுவந்தாள். சங்கம் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. மூக்கு தொண்ணூற்றாறு போட்டான். ‘மாஸ்டரின் கை ஆழம் கண்ட இடம்’ என்று எழுதினான்.

வெளியே தெரியாமல் இருக்க அண்ணனும் தங்கச்சியும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆட்களுக்கு முன்னால் அண்ணன் ஒரு புது பீரை வாயில் வைக்க நேர்ந்தால், அவள் வைத்திருக்கும் துண்டைப் பார்ப்பான். வலது தோளில் இருந்தால் நன்றாக இருக்கிறது. இடது தோளில் இருந்தால் வெண்ணெய் வாடை. கையில் சுருட்டியிருந்தால் புளிப்பு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஏற்ற இறக்கத்தோடு பேசுவான். பேச்சு அவனுக்கு எப்போதுமே நன்றாக வரும். ஆனாலும் பயம் போகவில்லை. ஒவ்வொரு டம்ளருக்கும் செத்துச் செத்துப் பிழைத்தான். பெரிய கம்பெனி வந்து கேட்டதும் மறுபேச்சில்லாமல் விற்றதற்குக் காரணம் அந்தப் பயம்தான். ஏலமும் இல்லை, ஆன்மாவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கம் போராட்டம் வைத்தது. ஒவ்வொருவரும் வீட்டில் சேர்த்துவைத்திருந்த பட்டறைப் புட்டிகளைக் கொண்டுவந்து, வாசலில் இருக்கும் சாக்கடையில் கொட்டுவது என்று ஏற்பாடு. டீச்சர் படம் பிடித்தார். அண்ணன் வெளியே வந்தே ஆகவேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். அவன் வந்து படியில் கைகட்டி நின்றான். தங்கச்சி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வரிசையாக வந்து கொட்டினார்கள். சிலர் கொட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தங்கச்சியின் பார்வை புட்டிகளின் மூடியில் போட்டிருந்த தேதிகளில் இருந்தது. கொண்டுவந்ததெல்லாம் கெடு தாண்டியவை. இரண்டு வருஷப் பழசு, மூன்று வருஷப் பழசு, எப்படியும் கொட்டவேண்டியவை. நல்லதெல்லாம் பத்திரமாக வீட்டில் இருந்தது. தியாகத்திலும் தேதி பார்க்கிற கூட்டம்.

கடைசியாக மூக்கு வந்தான். அவன் கையில் கரிச்சான் இருந்தது. அதைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தான்.

“இதை மட்டும் கொட்டமாட்டேன். இது மாஸ்டரோட கை. விலைபோறதுக்கு முன்னாடி அந்தக் கை கடைசியா பேசினது இதுலதான்.”

கைதட்டினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, அதற்கும் ஒரு வணக்கம் போட்டான். அந்த வணக்கத்தைப் பார்த்ததும் தங்கச்சிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

“அது நான் காய்ச்சினது” என்றாள்.

கைதட்டல் நின்றது. யாரோ ஒருவர் சிரித்தார்.

“கரிச்சான் நான் காய்ச்சினது. ஒன்றரை வருஷமா இங்க எல்லாமே நான்தான் காய்ச்சறேன். அண்ணனைக் கேளுங்க.”

அவள் அதற்குமேல் சொல்லவில்லை. வாசனை போன கதை அண்ணனுடையது. அதை அவன்தான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். இருபது முகங்களும் அண்ணன் பக்கம் திரும்பின. அவன் தங்கச்சியைப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்தான்.

“பாப்பா ரொம்ப உழைப்பா. தொட்டி கழுவறது, மூடி போடறது, எல்லாம் கூடமாட இருந்து செய்வா. இல்லேன்னு சொல்லமுடியாது” என்றான்.

தங்கச்சி உள்ளே போனாள். முதுகுக்குப் பின்னால் மூக்கின் குரல் கேட்டது. “கூடமாடன்னா? ரெசிப்பியிலயும் கை வெச்சாங்களா? அதான் பாத்தேன். ஒன்றரை வருஷமாவே ஏதோ குறையுதுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துது. மரியாதைக்காகத்தான் வெளிய சொல்லல.”

மரியாதையை அவன் அன்று சாயந்தரமே கைவிட்டான். தன் பக்கத்துக்குப் போய் ஒன்றரை வருஷத்து மதிப்பெண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினான். எண்பத்தெட்டு அறுபதானது. தொண்ணூறு அறுபத்திரண்டானது. கரிச்சானுக்கு எழுபத்தொன்று. ‘ஆழம் கண்ட இடம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘மேலோட்டமான கசப்பு, சமையலறைத்தனம்’ என்று போட்டான். காரை மோதி நசுக்கிவிட்டு, ஏற்கெனவே நசுங்கித்தான் இருந்தது என்று அறிக்கை எழுதுகிற மாதிரி. தங்கச்சி படுக்கையில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தாள். அவன்மீது அவளுக்குக் கோபமே வரவில்லை. கொசு கடிப்பதற்காகக் கொசுவிடம் போய் நியாயம் கேட்கமுடியாது. அண்ணன் போட்ட அந்த வணக்கத்தைத்தான் மறக்கமுடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியிலிருந்து தரக்கட்டுப்பாட்டுத் தலைவி வந்தாள். அறுபதைத் தொடும் வயது, வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தானே காரோட்டி வந்து, தானே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தாள். காய்ச்சுகிற பதிவேட்டை வாங்கி நின்றபடியே அரைமணி நேரம் புரட்டினாள். பிறகு பெட்டியைத் திறந்து மேடைமேல் ஐந்து சின்னக் கிண்ணங்களை வைத்தாள். ஐந்திலும் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள்.

“எங்க பீர்தான். மஞ்சள் டப்பா” என்றாள். “ஒண்ணு நல்லா இருக்கு. நாலுல நாலு விதமான கெடுதலைத் துளித்துளியா சேர்த்திருக்கேன். எங்களோட சேர்ற எல்லாருக்கும் இதை வைக்கிறது வழக்கம். மாஸ்டர், எது எதுன்னு சொல்லுங்க பாப்போம். அவசரமில்ல.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக வந்து உட்கார்ந்தான். முதல் கிண்ணத்தை எடுத்தான். வழக்கம்போல் அவன் கண் தங்கச்சியின் தோளுக்குப் போனது.

தங்கச்சிக்கு ஒரு மேசை தூரத்திலிருந்தே மூன்றாவது கிண்ணத்தின் வெண்ணெய் வாடை வந்தது. அவளுக்குப் பாலில் பழகிய வாடை அது. கையில் துண்டு இருந்தது. அதை இரண்டாக மடித்தாள். சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினாள். வெறுங்கையோடு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

அண்ணன் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் கிண்ணத்தைக் குடித்தான். இரண்டாவதைக் குடித்தான். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு, “இது… இது பிரமாதமா இருக்கு” என்றான்.  தலைவி பேனாவைக்கூட எடுக்கவில்லை. அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“எனக்கு வாசனை தெரியாதுங்க மேடம்” என்றான். “ஒன்றரை வருஷமாச்சு. இதுல இருக்கிறது பீரா தண்ணியான்னு நுரையை வெச்சுத்தான் சொல்றேன். எல்லாம் இவதான் பண்றா.”

“தெரியும்” என்றாள் தலைவி. “பதிவேட்டுல ஒன்றரை வருஷம் முன்னாடி கையெழுத்து மாறியிருக்கு. அதுக்கப்புறம்தான் ஒழுங்காவும் இருக்கு. தொட்டி சூட்டை மணிக்கொருதரம் எழுதியிருக்காங்க. இது பால்ல வேலை பாத்தவங்க புத்தி.” கிண்ணங்களைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினாள். “வாங்க. நீங்க சொல்லுங்க.”

தங்கச்சி குடிக்கவே இல்லை. முகர்ந்தாள், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை. “ரெண்டாவது நல்லா இருக்கு. மூணாவது வெண்ணெய். முதல்ல பச்சை ஆப்பிள் மாதிரி வருது, சீக்கிரம் இறக்கிட்டா அப்படி வரும். அஞ்சாவது பழைய அட்டை. நாலாவது…” என்று நிறுத்தி, இன்னொரு தடவை முகர்ந்தாள். “நாலாவது எனக்குப் புரியல. தீக்குச்சி மாதிரி இருக்கு. இதை நான் பாத்ததில்ல.”

தலைவி முதல்முறையாகச் சிரித்தாள். “புரியலன்னு சொல்றவங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றாள்.

போகும்போது விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். கம்பெனி வாங்கியது இடத்தையும் தொட்டியையும் பெயரையும்தான். ஒப்பந்தத்தில் அண்ணனின் மூக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அண்ணன் மேடையில் நின்று ஊற்றிக் கொடுக்கலாம், வருகிறவர்களிடம் பேசலாம். காய்ச்சுவதற்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். தங்கச்சி பிரியப்பட்டால் பெரிய ஆலைக்கு, ருசி பார்க்கிற மேசைக்கு வரலாம்.

“உங்க ஆட்கள் எங்க பீரை மூத்திரம்னு எழுதறாங்க, படிச்சேன்” என்றாள் தலைவி. “கறுப்பு பீர்ல நாலு தப்பை ஒளிச்சு வெக்கலாம். பழம் போட்டதுல பத்து ஒளிக்கலாம். இதுல ஒண்ணுகூட முடியாது. பச்சைத்தண்ணி மாதிரி, எல்லாம் வெளிய தெரியும். இதைத் தினம் ஒரே மாதிரி கொண்டுவந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்.”

தங்கச்சிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பன்னிரண்டு வருஷம் அவள் செய்ததும் அதுதானே. நேற்றைய பாலும் இன்றைய பாலும் ஒன்றாக இருக்கவேண்டும். யாரும் அதற்குக் கவிதை எழுதியதில்லை. வருகிறேன் என்றாள்.

கார் போனபிறகு அண்ணன் கேட்டான். “துண்டை ஏன் மாட்டின?”

“நீ ஏன் தொட்டி கழுவறான்னு சொன்ன?”

  தலைவி விட்டுப்போன ஐந்து கிண்ணங்களையும் அண்ணனே கழுவிக் கவிழ்த்தான்.

அவள் பெரிய ஆலைக்குப் போன செய்தி சங்கத்துக்கு எட்ட இரண்டு நாள் ஆனது. ‘ஆக, பேரம் யார் பேசியதென்று இப்போது தெரிகிறதா?’ என்று மூக்கு எழுதினான். மாஸ்டர் பாவம், தங்கச்சிதான் உள்ளிருந்து கழுத்தறுத்துவிட்டாள் என்று முடிவாயிற்று. டீச்சர் ‘பெண்புத்தி என்று சொல்லமாட்டேன், ஆனால்’ என்று தொடங்கி நீளமாக எழுதினார். பல் டாக்டர் அவளை முதல்நாளே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, அவள் சிரிக்கும்போது கீழ்ப்பல் தெரிவதில்லை என்றார். தங்கச்சி இதையெல்லாம் ஆலையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படித்தாள். அவளைக் குழுவிலிருந்து நீக்கவேண்டும் என்று இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

ருசி மேசையில் அவளோடு ஏழு பேர். ஒருவர் லாரி ஓட்டுநராக இருந்தவர். இருவர் ஆலையிலேயே புட்டி அடைத்தவர்கள். காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு கிண்ணங்கள் வரும். யாரும் கண்ணை மூடவில்லை. யாருக்கும் ஆழம் தெரியவில்லை. “ஏழு சரியில்ல, திருப்பி அனுப்புங்க” என்பதுதான் அங்கே அதிகபட்சக் கவிதை. முதல் வாரத்தில் அவள் மூன்று தப்புச் செய்தாள். இரண்டாவது வாரத்தில் ஒன்று. தீக்குச்சி வாடை எங்கிருந்து வருகிறது என்பதையும் கற்றுக்கொண்டாள்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், குழுவில் அண்ணனின் பெயர் வந்தது. அவன் அதில் ஒருநாளும் எழுதியதில்லை. தங்கச்சி சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

‘எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலாக வாசனை தெரியாது. நீங்கள் புகழ்ந்த எதையும் நான் காய்ச்சவில்லை. கரிச்சான் என் தங்கச்சியுடையது. அன்று வாசலில் நான் பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.’

அவ்வளவுதான். அவள் அதைப் படித்தாள். கண் கலங்கியது. எழுத்துப்பிழையே இல்லை, அண்ணியிடம் காட்டித் திருத்தியிருக்கவேண்டும். அவன் எத்தனை நாள் இதை எழுதியெழுதி அழித்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள்.

பத்து நிமிஷம் போனது. பிறகு மூக்கு எழுதினான்.

‘நண்பர்களே, இது மாஸ்டரின் நடை அல்ல. வாக்கியங்களைப் பாருங்கள். சின்னச் சின்னதாக, உயிரில்லாமல். கம்பெனி எழுதிக் கொடுத்ததை அவர் பதிவிட்டிருக்கிறார். மிரட்டாமல் இது நடக்காது.’

அணை உடைந்துவிட்டது. ‘கொடுமை. ஒரு கலைஞனை வைத்தே, எனக்கு வாசனை தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டார்களே’ என்றார் பல் டாக்டர். தங்கச்சியைத் தூக்கிவிடுவதற்காகக் கம்பெனி போட்ட நாடகம் என்று டீச்சர் கண்டுபிடித்தார். முப்பத்தோரு பேர் கைகூப்பினார்கள். அரைமணி நேரத்தில் மூக்கு தன் பக்கத்தில் கரிச்சானின் மதிப்பெண்ணை மறுபடி திருத்தினான். தொண்ணூற்றேழு. முதல் தடவை போட்டதைவிட ஒன்று கூட. ‘உண்மையை எந்தக் கம்பெனியும் மறைக்கமுடியாது’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான்.

தங்கச்சி வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே சமயம் கைபேசி அடித்தது. அண்ணன்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“பாப்பா, தலைகீழா நின்னு சொன்னாக்கூட நம்பமாட்டேங்கறாங்களே. சனிக்கிழமை கூட்டமா வந்து எனக்கு ஆறுதல் சொல்லப்போறாங்களாம். உங்களை யாராவது மிரட்டறாங்கன்னா கண்ணை மட்டும் சிமிட்டுங்க, நாங்க புரிஞ்சுக்கறோம்கறார் பல் டாக்டர். நான் என்ன பண்ணட்டும்?”

“சிமிட்டாம இரு. போதும்.”

“சிமிட்டாம இருந்தா பயந்துட்டேன்னு எழுதுவான்.”

இருவரும் சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை.  

“ரொம்ப நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றான் அண்ணன், சிரிப்பு அடங்கியதும்.

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை லீவுதானே? ஒரு நடை வந்துட்டுப் போயேன். புதுசா வந்தவர் போட்ட முதல் தொட்டியில ஏதோ சரியில்லைன்னு படுது.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“மூக்கு நேத்து ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, பழைய மாஸ்டர் திரும்பி வந்துட்டார்னு கண்ணீர் விட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை போனாள். தொட்டி முழுக்க வேகவைத்த சோள வாடை. காய்ச்சும்போது மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிடாததால் வந்தது. புதியவர் சங்கோஜப்படாமல் ஒரு நோட்டை எடுத்து அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அண்ணன் அடிக்குழாயைத் திறந்துவிட, மூவருமாக அந்தத் தொட்டியைக் காலி செய்தார்கள். பிறகு அண்ணி கொண்டுவந்த சாப்பாட்டைப் பரணில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வாய்க்கும் அது என்ன வாசனையாக இருக்கிறது என்று அண்ணன் கேட்டான், தங்கச்சி சொல்லிக்கொண்டே வந்தாள்.